நாலா, அஞ்சா

"நீ அவருக்கு என்ன முறை?"

அரண்மனை வாசலில் நின்ற காவலர் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. கையில் மீன் குழம்புத் தூக்கு. உள்ளே காய்ச்சலில் கிடந்த துங்கு ரிதுவானுக்கு அது போய்ச் சேர வேண்டும்.

"அக்கா" என்றேன்.

காவலர் சிரித்தார். சுல்தானின் இளைய மகனுக்கு அக்கா கிடையாது என்பது எங்கள் மாநிலத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஓர் அண்ணன் உண்டு. அவர் பட்டத்து இளவரசர். அதோடு சரி. நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தூக்கை அவர் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

விளக்கம் என்னவோ சுலபமானதுதான். என் அம்மா, மாக், என்னைப் பெற்ற பதினோராம் நாள், அரசிக்கு அவன் பிறந்தான். அரசிக்குக் கடுமையான பிரசவக் காய்ச்சல். நல்ல குடும்பத்துப் பாலூட்டும் தாய் ஒருத்தியைத் தேடி வந்தவர்கள் என் மாக்கைக் கூட்டிப்போனார்கள். மடியில் ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவன். இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

ஒரே பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். எங்கள் மார்க்கத்தில் அது உபசாரப் பேச்சு இல்லை, சட்டம். உலகத்தில் நான் முக்காடு இல்லாமல் முன்னால் போய் நிற்கக்கூடிய ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் என் அப்பா. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இன்னொருவன் துங்கு ரிதுவான். எங்கள் வீட்டில் மட்டும் அவனுக்குப் பொங்சு என்று பெயர். கடைக்குட்டி.

போன வெள்ளிக்கிழமை மாக் தன் வாயாலேயே எங்கள் எல்லோர் தலையிலும் கல்லைப் போட்டாள். அதுவும் அன்பினால்.

பொங்சு அன்று டெலீமாவை முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். நீர்ப்பாசன இலாகாவில் ஆற்றின் மட்டத்தை அளக்கிறவள். மூன்று வருடமாக அவன் மனத்தில் இருப்பவள். மாக் அவளுக்குச் சோறு போட்டபடியே, எந்த ஊர், யார் பெண் என்று விசாரித்தாள்.

"லூபோக் கெலி. அம்மா பேரு சௌதா. நான் பொறந்த கொஞ்ச நாள்லயே தவறிட்டாங்க."

மாக் அகப்பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, சௌதா மகளா நீ? பெரிய வெள்ளத்துல பள்ளிக்கூடத்துல ஒண்ணாத்தானே கெடந்தோம். உங்கம்மாவுக்குக் காய்ச்சல். நான்தான்டி உனக்குப் பால் குடுத்தேன். நீயும் என் புள்ளதான்."

அவள் கண்ணில் நீர். டெலீமாவும் அழுதுவிட்டாள், அம்மாவைப் பார்த்த ஒருத்தி கிடைத்துவிட்டாளே என்று. பொங்சுவின் கை மட்டும் சோற்றோடு பாதி வழியில் நின்றது.

"எத்தனை தடவ மாக்?" என்றான்.

அப்போதுதான் மாக்குக்கு உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "கோப்பி போடறேன்" என்று எழுந்து உள்ளே போனவள், அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. படியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் அத்தனையையும் கேட்டுவிட்டான். ஓட்டுநர் அரண்மனையின் ஆள்.

ஒரு குழந்தை வயிறு நிறைய ஐந்து முறை குடித்தால் அது பால் கொடுத்தவளின் பிள்ளை, பொங்சு அவளைக் கட்ட முடியாது. நான்கு முறை என்றால் இல்லை. எட்டு நாளாக எங்கள் வீட்டில் அந்த ஓர் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை, அதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

*

இன்று காலை டத்தோ மொக்தார் வந்தார்.

அரண்மனைச் சடங்குகளைக் கவனிக்கும் அதிகாரி அவர். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும், யார் தலைக்கு மேல் மஞ்சள் குடை பிடிக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானிக்கிறவர். மழையில் நனைந்த குடையை எங்கள் வாசல் கம்பத்தில் சாத்திவிட்டு, காலுறையையும் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"மாக் தும், உடம்பு எப்படி இருக்கு?"

என் மாக்கின் பெயர் கல்தூம். ஊருக்கெல்லாம் மாக் தும்.

"இருக்கு."

"கூரை இன்னும் ஒழுகுதா?"

"மழை பேஞ்சா ஒழுகும். டத்தோ கூரையைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

டத்தோ சிரித்தார். நல்ல பல்வரிசை அவருக்கு.

"உங்ககிட்ட சுத்தி வளைக்க முடியாது. சரி. மூத்தவருக்கு ரெண்டும் பொண்ணு. இனிமே இல்லேன்னு டாக்டர் சொல்லியாச்சு. பொண்ணு பட்டத்துக்கு வர முடியாது. அப்ப நாளைக்குச் சிங்காசனம் யாருக்குப் போகும்? நம்ம சின்னவருக்குப் பொறக்கற பையனுக்கு. அந்தப் பையனுக்கு ரெண்டு பக்கமும் அரச வம்சமா இருக்க வேணாமா? வடக்க ஒரு எடத்துல பொண்ணு பாத்து வெச்சிருக்கோம். இவரு என்னடான்னா ஆத்துல குச்சியை விட்டு அளக்கற பொண்ணுதான் வேணும்கறாரு."

"அவ நல்ல பொண்ணு."

"யாரு இல்லேன்னா? நல்ல பொண்ணுதான். அவ உங்க பொண்ணாவும் இருந்துட்டா இன்னும் நல்லது."

மாக் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினாள்.

"வேண்டாம்னு அரண்மனை சொன்னா ஊரு பேசும். பேப்பர்ல வரும். மார்க்கத்துல எடமில்லேன்னா யாரு பேச முடியும்? அந்தப் பொண்ணுக்கும் அவமானம் இல்ல. நான் எதையும் உங்களுக்குச் சொல்லிக்குடுக்கல, மாக் தும். சாயந்தரத் தொழுகை முடிஞ்சு தீர்ப்புச் சொல்ல காதியைக் கூட்டிக்கிட்டு வர்றேன். சின்னவரும் வருவாரு. உண்மையைச் சொல்லுங்க. உண்மை அஞ்சா இருந்தா எல்லாருக்கும் நிம்மதி."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துப் பாயில் வைத்தார். மஞ்சள் முத்திரை போட்டிருந்தது.

"இது வேற விஷயம். ஹஜ்ஜுக்குப் பதிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒம்பது."

"வரிசையா வந்தா இன்னும் பதினஞ்சு வருஷம் ஆகும். இந்த வருஷம் மேன்மை தங்கிய சுல்தான் போறாரு. கூட வர்றவங்க பட்டியல்ல உங்க பேரைச் சேர்த்தாச்சு."

திரையின் இடுக்கில் மாக்கின் முகம் தெரிந்தது. அவளுடைய வெள்ளைத் துணி நான்கு வருடமாகத் தைத்து மடித்து அலமாரியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி வெயில் காட்டி வைப்பாள். உறையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரலால் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"என் பேரை எடுத்துடுங்க."

"இது கைக்கூலி இல்ல மாக் தும்."

"நான் அப்படிச் சொல்லலியே. வரிசையில வர்றேன். ஆயுசு இருந்தா போறேன்."

டத்தோ உறையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பிறகு பேசுவோம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அறையில் நடந்ததை அவர்கள் இருவரைத் தவிரக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

"எத்தனை மாக்?" என்றேன், அவர் படியிறங்கிப் போன பிறகு.

"காதி கேப்பாரு. சொல்லுவேன்."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"உன் மூஞ்சியில எதுவும் தங்காது. அவன் உன்னைப் பாத்ததும் படிச்சுருவான். போயி மீனை அலசு."

*

மதியம் அவன் வந்தான். காதிக்கும் டத்தோவுக்கும் முன்னால், தனியாக, வெள்ள நிவாரணப் படகில்.

எங்கள் ஆற்றில் வெள்ளம் வந்தால் துங்கு ரிதுவான் வருவான் என்று ஊரில் சொல்வார்கள். அண்ணன் தூதர்களை வரவேற்பார், அலுவலகச் சுவர்ப் படங்களில் இருப்பார், பெருநாள் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பார். தம்பி சேற்றில் நடப்பான். பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசினாலும், மசூதிக்குக் கழிப்பறை கட்டினாலும், படகுப் போட்டிக்குப் பரிசு கொடுத்தாலும் அவன்தான். பதினெட்டு வயதிலிருந்து அதுதான் அவன் உத்தியோகம்.

"இன்னிக்கு எத்தனை கத்திரிக்கோல்?" என்று கேட்டேன். இது எங்களுக்குள் பழைய விளையாட்டு.

"ஒண்ணு. நாடாவை வெட்டினதும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. பத்து வருஷமா வெட்டறேன் அக்கா, ஒரு கத்திரிக்கோலைக்கூட எனக்குன்னு குடுக்கல."

"பேச்சு?"

"அதை ஏன் கேக்கற. அண்ணனுக்கு எழுதின பேச்சு. அவர் பேரை அடிச்சுட்டு என் பேரு போட்டிருந்தாங்க. மூணாம் பக்கத்துல அடிக்க மறந்துட்டாங்க. 'என் அன்புத் தம்பி ரிதுவானின் உழைப்பை இங்கே பாராட்டுகிறேன்'னு நானே படிச்சுட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் தொப்பியைக் கழற்றி வைத்த கை, மறுபடி அதை எடுத்து, மறுபடி வைத்தது.

மாக் சோறு போட்டாள். புளித்த டுரியான் பழத்தில் கொதித்த ஆற்று மீன். அரண்மனையில் அந்த வாசனைக்கு அனுமதி கிடையாது. அவன் குனிந்து சாப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் தட்டிலிருந்து முள்ளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள், இருபத்தெட்டு வயது மனிதனுக்கு.

சாப்பிட்டு முடித்துத் தண்ணீர்ச் சாடியருகே கை கழுவ வந்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"மாக் உங்கிட்ட சொன்னாளா?"

"இல்ல."

"உண்மையா?"

"சத்தியமா."

என் முகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, நம்பினான்.

"டெலீமா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"அவ எங்க பேசறா. நேத்துப் பாலத்துல பாத்தேன். ஆத்து மட்டம் ஆறு மீட்டர் நாப்பதுன்னா. அதைத் தவிர ஒரு வார்த்தை இல்ல." கையைத் துடைத்துக்கொண்டான். "அஞ்சுன்னு ஆயிட்டா அவளுக்கு ஒரு வசதி. உன்னை மாதிரியே என் முன்னாடி முக்காடு இல்லாம வரலாம், போகலாம். மூணு வருஷமா அவ தலைமுடி எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். அண்ணன் முறை ஆனதும் காட்டிடுவா."

நான் சாடியை மூடினேன்.

அவளை அவன் சந்தித்த கதை எனக்கு மனப்பாடம். மூன்று வருடம் முன்பு இதே மாதிரி ஒரு மழைக்காலம். பாலத்தில் நின்று வெள்ளத்தைச் சுட்டிக்காட்டுவது போலப் படம் எடுக்க வேண்டும். படக்காரர் சொன்ன இடத்தில் இவன் விரலை நீட்டினான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "துங்கு, அது போன வருஷக் கோடு. இந்த வருஷத்துது இங்க இருக்கு." அதுவரை அவன் நீட்டிய விரலை யாரும் திருத்தியதில்லை என்று சொன்னான். தப்பான இடத்தைக் காட்டினாலும் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்களாம்.

அவன் மாக்கின் எதிரே போய் உட்கார்ந்தான்.

"மாக், நான் பொய் சொல்லச் சொல்லல."

"சொல்ல மாட்ட."

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. வெள்ளம், பசி, எத்தனையோ புள்ளைங்க. ஞாபகம் இல்லேன்னு சொன்னா யாரு என்ன சொல்ல முடியும்? சந்தேகம்னா தடையில்லேன்னு மார்க்கக் கிதாபுலயே இருக்கு. நான் படிச்சுப் பாத்துட்டேன்."

"ஞாபகம் இல்லாம இருந்தா, இல்லேன்னு சொல்றது பொய்யில்ல."

"அப்ப ஞாபகம் இருக்கு."

மாக் பாயில் சிந்திய சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"எனக்குன்னு நான் இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கேன் மாக்? நீயே சொல்லு. அனுப்பின எடத்துக்குப் போனேன். குடுத்த பேச்சைப் படிச்சேன். காட்டின நாற்காலியில உக்காந்தேன். நான் எதையாவது கேட்டேனா?"

"கேட்ட" என்றாள் மாக். "ரெண்டு வயசுல என்னைக் கேட்ட."

எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பால் மறந்ததும் மாக்கையும் என்னையும் அரண்மனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் அவன் எதுவும் தின்னவில்லையாம். ஆற்றுப் பக்கம் கைகாட்டிக் கைகாட்டி அழுததால் அந்தப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் மூடி வைத்தார்களாம். இங்கே மாக் மார்பில் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"குடுக்கல" என்றான் அவன்.

"குடுக்கல."

மழை கொஞ்சம் விட்டது. கீழே படகுத்துறையில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. நான் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

*

காதி வயதானவர். படியேறி வந்த மூச்சு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டத்தோ அவருக்குப் பக்கத்தில். பொங்சு சுவரோரமாக, எப்போதும் அவனுக்கு ஒதுக்கப்படும் இரண்டாவது இடத்தில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தான்.

"அவசரமில்ல" என்றார் காதி. "எது ஞாபகம் இருக்கோ அதைச் சொல்லுங்க. எது இல்லையோ, இல்லேன்னு சொல்லுங்க. ரெண்டுமே எனக்குச் சம்மதம்."

மாக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"துங்குவுக்கு அப்ப ஒண்ணரை வயசு. எங்கம்மா லூபோக் கெலியில தனியா இருந்தா. வெள்ளம் வருதுன்னு பாக்கப் போனேன், இவளைத் தூக்கிக்கிட்டு." என் பக்கம் தலையசைத்தாள். "ரெண்டு நாள்தான் லீவு குடுத்திருந்தாங்க. மாட்டிக்கிட்டேன். எல்லாரையும் பள்ளிக்கூடத்துல கொண்டு போட்டாங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒம்பது படி. நாங்க படியை வெச்சுத்தான் நாளையும் பொழுதையும் எண்ணினோம். தண்ணி மூணாம் படியில இருந்தப்ப சௌதாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. கொழந்தை கத்திக்கிட்டே இருந்துச்சு. எனக்குப் பால் கட்டிப்போயி வலி. துங்கு இங்க, நான் அங்க. வாங்கிக் குடுத்தேன். அது ஒண்ணு."

"வயிறு நெறஞ்சுதா?"

"தூங்கிருச்சு. அன்னிக்கே அஞ்சாம் படிக்கு ஏறினப்ப ரெண்டாவது. மறுநாள் ஏழாம் படி. அது மூணு."

டத்தோ தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்சு யாரையும் பார்க்கவில்லை.

"ஹெலிகாப்டர்ல ரொட்டி போட்டாங்க பாருங்க, அன்னிக்குத் தண்ணி எட்டாம் படி. ரொட்டி தின்ன தெம்புல சௌதா தானே குடுக்கறேன்னு எடுத்துக்கிட்டா. பால் வரல. திருப்பி எங்கிட்டக் குடுத்தா. அது நாலு."

அவள் நிறுத்தினாள். தலையைத் தூக்கிப் பொங்சுவைப் பார்த்தாள். இந்தமுறை அவனும் பார்த்தான்.

"அதுக்கப்புறம்?" என்றார் காதி.

"தண்ணி எறங்கிச்சு. மறுநாள் காலையில படகு வந்துச்சு. நான் கொழந்தைய மடியில வெச்சிருந்தேன்."

"பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"இதைக் கவனமா சொல்லுங்க, மாக் தும். கொழந்தை தானா விட்டாத்தான் அது ஒரு தடவ. நீங்க பாதியில எடுத்திருந்தா கணக்குல வராது. படகு வந்துருச்சுன்னு எடுத்தீங்களா?"

"எல்லாரும் ஏறு ஏறுன்னு கத்தினாங்க. படகுக்காரன் என்னைப் பேர் சொல்லித் திட்டினான்."

பொங்சு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. ஒரு சொல் போதும். எடுத்தேன் என்ற ஒரு சொல். அந்த நெரிசலில் எந்தப் பெண்ணும் எடுத்திருப்பாள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"அப்ப எடுத்துட்டீங்க" என்றார் காதி.

"இல்ல." மாக்கின் குரல் மெலிந்துபோயிருந்தது. "நான் எந்திரிக்கல. தாய் எத்தனை நாள் இருப்பாளோ, குடிச்சு முடிக்கட்டும்னு உக்காந்தே இருந்தேன். அதுவா விட்டுச்சு. பால் வாயோட என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு."

கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் நான் வைத்த வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

காதி மெல்லத் தலையசைத்தார். "ஒருத்தர் சொல்லை மட்டும் வெச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. கூட இருந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"சௌதாவோட தங்கச்சி மைமுனா. அவதான் கொழந்தைய எங்கிட்டேர்ந்து வாங்கிப் படகுல ஏத்தினா. மேல ஜெரம் பக்கம், ஆத்துத் தலைமாட்டுல கட்டிக்குடுத்தாங்க. இருக்கான்னுதான் நினைக்கறேன்."

"அவங்களையும் கேக்கணும். தண்ணி வடியட்டும். அதுவரைக்கும் இது முடிஞ்ச விஷயம் இல்ல."

"கேப்போம், கேப்போம்" என்றார் டத்தோ. நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு மாக்கின் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்துக்கொண்ட குரலில் சொன்னார். "மாக் தும், அந்தப் பயண விஷயம். பேரு பட்டியல்லயே இருக்கு. வர்ற வாரம் ஊசி போட ஆளனுப்பறேன்."

"என்ன பயணம்?" என்றான் பொங்சு.

"ஹஜ், துங்கு. உங்க தகப்பனாரோட பெரிய மனசு. மாக் தும்மையும் கூட்டிக்கிட்டுப் போறாரு."

பொங்சு மாக்கைப் பார்த்தான். எட்டு நாளில் அந்த எண்ணை நினைத்து அவன் எத்தனையோ விதமாகப் பயந்திருப்பான். இப்படி ஒரு விதம் அவனுக்குத் தோன்றியே இருக்காது.

மாக்கின் உதடு அசைந்தது. நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனிடம் போய் அதைச் சொல்லித் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டிய நிலை வந்ததே என்று அவள் முகம் கல்லாகிவிட்டது.

நான் சொல்லியிருக்கலாம். திரைக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான். உறையை அவள் ஒரு விரலால் தள்ளியதைப் பார்த்தவள் நான்.

"காலையில..." என்று ஆரம்பித்தேன்.

மூன்று ஆண்களும் திரும்பினார்கள். டத்தோ அழகாகப் புன்னகைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சொல்லும்மா" என்றார் காதி. முக்காட்டின் நுனி என் கையில் சுருண்டது. அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை முறை திரும்ப நினைத்தாலும் அதில் நான் ஊமையாகத்தான் நிற்கிறேன்.

"கோப்பி எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றேன்.

பொங்சு எழுந்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடி இல்லாமலே நேராக்கிக்கொண்டான். காதிக்குக் குனிந்து வணக்கம் செலுத்தினான்.

"பொங்சு" என்றாள் மாக்.

அவன் படியிறங்கினான். கடைசிப் படியில் உட்கார்ந்து ஒரு காலணியைப் போட்டு, நாடாவை முடிந்து, மற்றதைப் போட்டான். நான் வாசல்வரை ஓடிப்போய் நின்றேன். அவன் முதுகு எனக்கு இரண்டு முழத் தூரத்தில் இருந்தது.

டத்தோவும் என் பின்னால் வந்தார். "துங்கு, கார் அந்தப் பக்கம் நிக்குது. ஏழு மணிக்கு அரண்மனையில விருந்து. மேன்மை தங்கியவர் உங்களை எதிர்பாக்கறாரு."

அவன் காரைத் தாண்டி நடந்தான். துறையில் கட்டியிருந்த நிவாரணப் படகில் ஏறினான். படகோட்டி அவன் முகத்தைப் பார்த்தான். பொங்சு கையை மட்டும் நீட்டிக் காட்டினான்.

கயிற்றை அவிழ்த்தார்கள். அரண்மனை ஆற்றின் கீழே இருக்கிறது. படகின் மூக்கு மெதுவாகத் திரும்பி, வெள்ளத்துக்கு எதிராக, மேலே ஜெரம் பக்கம் பார்த்து நின்றது. இயந்திரம் உறுமியது. அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.